ஏற்காடு ஏறும் பழைய ஆட்டோமேட்டிக் காருக்குத் தனி ஆயில் கூலர் தேவையா?

சேலத்தில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் 2006 மாடல் ஹோண்டா சிஆர்-வி ஆட்டோமேட்டிக் இருக்கிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருப்பதால் வாரம் இரண்டு முறை ஏறி இறங்குகிறேன். கீழே எந்தக் குறையும் இல்லை. மலையில் பாதிக்கு மேல் போனதும் கியர் விழுவது தாமதமாகிறது, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது. மேலே போய் அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸுக்குத் தனியாக ஆயில் கூலர் போடச் சொல்கிறார். இன்னொருவர், கம்பெனி கொடுத்ததே போதும், கை வைக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, கூலர் போடலாம். உங்கள் ஓட்டத்துக்கு அது நிச்சயம் பயன்படும். ஆனால் இந்த வாரமே போடாதீர்கள். உங்கள் வண்டி ஏற்கனவே ஒரு குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் கூலரை மாட்டினால், காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசின கதையாகிவிடும். கொஞ்ச நாள் சுகமாக இருக்கும், உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் அந்த மலையில் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் காரில் கிளட்ச் பெடல் இல்லை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற ஒன்று இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுற்றினால் அதன் காற்றில் மற்றது சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் பக்கத்து விசிறி வேகமாகவும் சக்கரத்துப் பக்க விசிறி மெதுவாகவும் சுற்றும்போது, அந்த வித்தியாசம் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது உள்ளே ஒரு லாக்கப் கிளட்ச் பிடித்து இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது வழுக்கலும் இல்லை, சூடும் இல்லை. கோயம்புத்தூர் வரை ஏசி போட்டுப் போய் வந்தாலும் உங்கள் வண்டி முணுமுணுக்காததற்குக் காரணம் அதுதான். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் அழுத்தியபடி ஏறுகிறீர்கள். லாக்கப் பிடிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. வேகம் குறைவாக இருப்பதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி 1,900 கிலோ என்று வைப்போம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். ஆக 1,200 மீட்டர் உயரத்துக்கு அந்த எடையைத் தூக்குகிறோம். 40 நிமிடத்தில் ஏறினால், தூக்குவதற்கு மட்டுமே சராசரியாக 9 கிலோவாட் வேண்டும். டயர் உராய்வு, வளைவில் நின்று புறப்படுவது எல்லாம் சேர்த்தால் 12 வரை போகும். அதில் 15 சதவீதம் கன்வெர்ட்டரிலும் கியர்பாக்ஸிலும் வீணாகிறது என்றாலும், கிட்டத்தட்ட 2 கிலோவாட் சூடு. குளியலறையில் பக்கெட் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு இருக்கிறதே, அதைவிடப் பெரிய ஒன்றை 6, 7 லிட்டர் ஆயிலுக்குள் 40 நிமிடம் போட்டு வைத்த மாதிரி. அந்தச் சூட்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

கம்பெனி கொடுத்த ஏற்பாடு ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கிறது. ஆயில் ஒரு சின்னக் குழாய் வழியாக அங்கே போய், சுற்றியிருக்கும் கூலன்டிடம், அதாவது இன்ஜினை ஆற்றும் ரேடியேட்டர் தண்ணீரிடம், சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலையேறும்போது கூலன்டே சூடாக இருக்கும். சித்திரை வெயிலில், 40 டிகிரியில், ஏசியும் ஓடும்போது ரேடியேட்டருக்கே மூச்சு வாங்கும். ரேடியேட்டர் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் இதையும் தாங்கும். 20 வருட வண்டியில் அப்படி இருக்குமா என்பதுதான் கேள்வி.

கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது ஆரோக்கியம். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 120 தாண்டினால் உள்ளே பழுப்பு வார்னிஷ் படிய ஆரம்பிக்கும், வால்வுகள் ஒட்டும். 150 பக்கம் போனால் ரப்பர் சீல்கள் இறுகி, கியர்களைப் பிடித்து மாற்றுகிற உள் கிளட்ச் பிளேட் கருகும். ஆயில் சூடேற ஏறத் தண்ணீர் மாதிரி இளகுகிறது. இளகினால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்காது. பாதி மலைக்கு மேல் கியர் தாமதமாக விழுவதும் அரை மணி நேரத்தில் சரியாவதும் இதோடு பொருந்திப் போகின்றன. ஆனால் சீல் தேய்ந்த கியர்பாக்ஸும் இதையே செய்யும். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு ஆயிலிலிருந்து தொடங்குங்கள். ஹோண்டாவில் ஆயில் பார்க்கும் முறை தனி. பல டொயோட்டாக்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். இது தெரியாமல் காலையில் குளிர்ந்த வண்டியில் பார்த்து, குறைவாகவோ அதிகமாகவோ ஊற்றி வைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயில் குறைந்தாலும் தப்பு, மிஞ்சினாலும் நுரைத்துத் தப்பு. ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பானது மட்டும் என்றால் பயமில்லை. கருகிய வாடை வந்தாலோ, கருப்புத் தூள் துணியில் தங்கினாலோ பிளேட் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்தக் கூலரும் காப்பாற்றாது.

வாடை இல்லையென்றால் ஆயிலை மாற்றுங்கள். இந்த வண்டிக்கு ஹோண்டா முதலில் சொன்னது இசட்1 ஆயில், பிறகு அதன் இடத்தில் டிடபிள்யூ-1 வந்தது. "எல்லா வண்டிக்கும் பொது" என்று எழுதிய டப்பா வேண்டாம். கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் சுமார் 3 லிட்டர்தான் வடியும், பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றி, இப்படி மூன்று முறை செய்யுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுகிறேன் என்பவரிடம் பழைய கியர்பாக்ஸைக் கொடுக்காதீர்கள். பல வருடம் மூலையில் படிந்து கிடந்த அழுக்கு கிளம்பி வால்வில் போய் உட்காரும். டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் குத்துகிற மாதிரி இரும்புச் சில்லு இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, கியர்பாக்ஸைத் திறப்பவரிடம் போக வேண்டியதுதான்.

டேஷ்போர்டில் டி எழுத்து எப்போதாவது மினுக்குகிறதா என்றும் கவனியுங்கள். ஹோண்டாவில் கியர்பாக்ஸ் குறை அப்படித்தான் காட்டும். மினுக்கினால் கூலர் பேச்சை விட்டுவிட்டு ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ரேடியேட்டர். நம் ஊரில் இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். சேலத்தில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டுக் குழாயையும் குக்கரின் அடியையும் பார்த்தால் தெரியும். பக்கத்திலேயே மேக்னசைட் என்ற வெள்ளைத் தாது கிடைக்கிற மண். வழியில் தண்ணீர் குறைந்தது என்று அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. குக்கரில் படிவது அப்படியே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. படிந்த சுண்ணாம்பு சூட்டைக் கடத்தாது. இன்ஜின் முள் நடுவில்தானே நிற்கிறது என்று சொல்வீர்கள். பல கார்களில் அந்த முள்ளை வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும், நிலைமை கைமீறினால்தான் நகரும். முள்ளை நம்பி ரேடியேட்டருக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கீழ்த் தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஆயில் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கூலன்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். என் மாமாவின் பழைய கார் ஒன்றில் இது நடந்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் ரோஸ்மில்க். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது அபூர்வம். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாளின் பசை தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும். அதனால் உங்கள் வண்டியில் இன்னும் பழைய ரேடியேட்டரே இருந்தால், கூலருக்கு முன்னால் அதை மாற்றுங்கள். புதுக் கூலன்டை டிஸ்டில்டு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரின் ஃபின்களில், அதாவது மெல்லிய தகடுகளுக்கு நடுவே, பூச்சியும் தூசியும் அடைத்திருக்கும். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் இரண்டு விசிறிகளும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு குறை முழுவதும் மறைந்துவிட்ட வண்டிகளும் உண்டு.

இனி ஓட்டுவதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமையும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் வளைவில் பஸ் திரும்புவதற்காக எல்லோரும் வரிசையாக நிற்போம். அப்போது நிறையப் பேர் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி பின்னால் உருளாதபடி ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி அப்படியே பிடித்து வைத்திருப்பார்கள். மேனுவல் வண்டியில் பாதிக் கிளட்சில் நிற்பதும் இதுவும் ஒன்றே. சக்கரம் நகரவே இல்லை, இன்ஜின் கொடுக்கிற மொத்தமும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. ஒரு நிமிடம் இப்படி நிற்பது ஒரு வளைவு ஏறுவதைவிடக் கொடுமை. பிரேக்கைப் பிடியுங்கள், நேரமானால் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள்.

ஏறும்போது கியர் 2-க்கும் 3-க்கும் மாறி மாறித் தடுமாறினால் லீவரை 2-ல் வையுங்கள். ஒவ்வொரு மாற்றமும் பிளேட்டுக்கு ஒரு தேய்மானம். ஆனால் உங்கள் ஹோண்டாவில் லீவர் 2-ல் இருந்தால் நின்று புறப்படுவதும் இரண்டாம் கியரிலேயேதான். செங்குத்தான வளைவில் நின்று எடுக்க வேண்டியிருந்தால் 1-க்கு வந்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே கன்வெர்ட்டர் வெந்துவிடும். சூடேறிவிட்டது என்று தோன்றினால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், பார்க்கில் வைத்துச் சில நிமிடம் ஓட விடுங்கள். இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஆயில் ரேடியேட்டருக்குப் போய் ஆறும். அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து வைப்பதால் கியர்பாக்ஸுக்குப் பெரிய பயனில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2-ல் வைத்து இன்ஜின் பிடியில் இறங்குங்கள். பிரேக் போய்விட்டால் கியர்பாக்ஸைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

சரி, இதெல்லாம் செய்துவிட்டீர்கள். இப்போது அளவெடுங்கள். அளக்காமல் கூலர் போட்டால் அது வேலை செய்கிறதா என்று கடைசி வரை தெரியாது. உங்கள் வண்டியில் சாதாரண ஸ்கேனரில் கியர் ஆயில் சூடு வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால், கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் மூன்று வாய் உள்ள ஒரு டி (T) இணைப்பு வைத்துச் சென்சரும் மீட்டரும் மாட்டுவது நல்லது. அதுவும் முடியாது என்றால், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பளபளக்கும் உலோகக் குழாயை நேரடியாகக் குறிவைத்தால் குறைத்துக் காட்டும். குழாயில் கருப்பு டேப் சுற்றி அதன் மேல் பாருங்கள். அடிவாரத்தில் ஒரு முறை, பத்தாம் வளைவுப் பக்கம் பாதுகாப்பாக ஒதுங்க முடிகிற இடத்தில் ஒரு முறை, மேலே ஏரிப் பக்கம் போனதும் ஒரு முறை. கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் குழாய்தான் மிகவும் சூடாக இருக்கும், பெட்டிக்குள் இருக்கும் ஆயில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆயிலும் ரேடியேட்டரும் புதிதான பிறகும் அந்தக் குழாய் 115, 120 என்று காட்டினால் கூலர் போடுங்கள். 100-க்குள் நின்று, கியர் தாமதம் மட்டும் தொடர்ந்தால் குறை சூட்டில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது கூலருக்குச் செலவு செய்யாதீர்கள்.

கூலரில் மூன்று வகை கிடைக்கும். ஒரே குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து ஃபின் கட்டியது மலிவு. தட்டு வகை அதைவிட நன்றாக ஆற்றும். தட்டுகளை அடுக்கிச் செய்தது இருக்கிறதே, அதுதான் நான் பரிந்துரைப்பது. அளவில் சிறியது, சூட்டை நன்றாக எடுக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் ஓட்டத்தை அதிகம் தடுக்காது. உங்கள் வண்டிக்கு ஒரு அடி நீளம், அரை அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம் போதும். பெரிதாக வாங்கிக் கண்டென்சர் முழுவதையும் மறைத்தால் ஏசியும் இன்ஜினும் உங்களைத் திட்டும்.

எந்த இடத்தில் இணைப்பது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் முதலில் பழையபடி ரேடியேட்டருக்குப் போகட்டும். அங்கிருந்து புதுக் கூலருக்கு, கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பட்டும். ஆயில் முதலில் கூலருக்கும் பிறகு ரேடியேட்டருக்கும் போகிற மாதிரி வைத்தால், கூலர் ஆற்றிய ஆயிலை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டரை முழுவதும் விலக்கிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ரோஸ்மில்க் பயம் போய்விடும் என்பது உண்மைதான். சேலத்தை விட்டு நகராத வண்டிக்கு நான்கூடச் சரி என்பேன். உங்களுக்கு வேண்டாம். மார்கழியில் ஏற்காட்டில் விடியற்காலை குளிரில் வண்டியை எடுத்து நேராக இறக்கத்தில் விடுகிறீர்கள். இன்ஜினுக்குப் பாரமே இல்லை. அப்போது ஆயில் சூடேறவே ரேடியேட்டர் தண்ணீரின் உதவி வேண்டும். குளிர்ந்த ஆயிலில் லாக்கப் பிடிக்காது, கியர் முரட்டுத்தனமாக விழும், ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகாது. இன்னும் நன்றாகச் செய்ய நினைத்தால், 80 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றைக் கூலருக்கு முன் வையுங்கள். ஆயில் சூடாகும் வரை கூலர் பக்கம் போகாது.

போகிற குழாய் எது, திரும்புகிற குழாய் எது என்று குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் மேனுவலில் படம் இருக்கும். இல்லையென்றால் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு குழாயையும் பார்த்துக்கொண்டிருங்கள், முதலில் சூடேறுவது கியர்பாக்ஸிலிருந்து வருவது.

இப்போது ஹோஸ். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் பழைய காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலர் போட்டுக் கொடுத்தார்கள். இரும்புக் குழாயை ரம்பத்தால் அறுத்து, அந்த நுனியில் பெட்ரோல் ஹோஸைச் சொருகி, திருகுக் கிளாம்பால் இறுக்கியிருந்தார்கள். ஆறு வாரம் ஓடியது. அம்மாவை ஏற்காட்டில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, கோரிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இழுக்கவில்லை, பின்னால் ஒரே புகை. ஹோஸ் நழுவி ஆயில் முழுவதும் சாலையில். சத்தம் கேட்டு நிறுத்துவதற்குள் கியர்பாக்ஸ் போயிற்று. அந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் நேராகக் கொட்டியிருந்தால் தீயே பிடித்திருக்கும். அம்மா வண்டியில் இல்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அறுத்த குழாய் நுனியில் ஒரு விளிம்பு எழுப்ப வேண்டும். ஃப்ளேரிங் கருவி வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். அந்த விளிம்பு இருந்தால்தான் ஹோஸ் நழுவாது. ஹோஸ் குறைந்தது ஒரு அங்குலம் உள்ளே ஏற வேண்டும், கிளாம்ப் விளிம்புக்கு உட்பக்கம் உட்கார வேண்டும். உள்ளே வழவழப்பாக இருக்கும், ரப்பரை வெட்டாத கிளாம்ப் வாங்குங்கள். ஹோஸ், ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அதன் மேல் எஸ்ஏஇ ஜே1532 என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்கும், 150 டிகிரி அளவு வரை தாங்கும். நம் பக்கம் இன்னொரு ஆசை வரும். திருச்செங்கோட்டுப் போர் போடும் ரிக் வண்டிகளின் புண்ணியத்தில், ஹைட்ராலிக் ஹோஸின் நுனியில் இணைப்பை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) கொடுக்கிற கடைகள் இங்கே நிறைய. கம்பி பின்னிய அந்த ஹோஸைப் பார்த்தாலே யானையைக் கட்டலாம் போலிருக்கும். ஆனால் அது அழுத்தத்துக்காகச் செய்தது. கூலர் குழாயில் அழுத்தம் கம்மி, சூடுதான் பிரச்சினை. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரிக்கு மேல் தாங்க ஏற்பட்டதில்லை, கொஞ்ச நாளில் உள்ரப்பர் இறுகி வெடிக்கும். அந்தக் கடைக்காரர்களின் கைவேலை அருமையானது. ஹோஸை மட்டும் சூடு தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கிக் கொடுத்து, இணைப்பை அவர்களிடம் செய்துகொண்டால் அதைவிட உறுதியான வேலை இல்லை.

கூலரைக் கண்டென்சருக்கு முன்னால், ஒட்டாமல், ஒரு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள். பாக்கெட்டோடு வரும் பிளாஸ்டிக் ஊசிகளைக் கண்டென்சர் ஃபின்களுக்குள் குத்தி மாட்டுவது வேண்டவே வேண்டாம். ஆட்ட ஆட்ட அது தேய்த்து ஏசி கேஸ் குழாயையே ஓட்டை போடும். பட்டை இரும்பில் இரண்டு பிராக்கெட் அடித்து, ரப்பர் வாஷர் வைத்து, பாடியோடு போல்ட் போடுங்கள். குழாய் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழ் நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கிவிடும். கூர்மையான தகட்டைத் தாண்டும் இடத்தில் ஹோஸுக்கு மேல் இன்னொரு ரப்பர் உறை போடுங்கள். திரும்பும் குழாயில் காந்தம் வைத்த சின்ன ஃபில்டர் ஒன்று சேர்ப்பது இந்த வண்டியில் மிகவும் பயன்படும். ஏனென்றால் உள்ளே இருக்கும் ஃபில்டரைப் பெட்டியைப் பிரிக்காமல் மாற்ற முடியாது.

மாட்டியதும் கூலரும் ஹோஸும் நிரம்புவதற்குக் கூடுதலாக 300 முதல் 500 மில்லி ஆயில் பிடிக்கும். பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி வைத்து எடுத்து, பிறகு முன்னே சொன்ன முறையில் அளவு பாருங்கள். சேலத்துக்குள்ளேயே அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சுற்று ஓட்டி வந்து, கீழே ஒரு அட்டையை விரித்துப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டு இருந்தாலும் மலைக்குப் போகாதீர்கள். முதல் மலைப் பயணம் முடிந்ததும் கிளாம்ப்களை மறுபடி ஒரு முறை இறுக்கிவிடுங்கள். முன்பு அளந்த அதே மூன்று இடங்களில், கூடியவரை அதே வெயில் நேரத்தில், மறுபடி அளந்து பாருங்கள். நல்ல கூலர் நல்ல இடத்தில் இருந்தால் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

மேனுவல், ஏஎம்டி வண்டிக்காரர்களுக்கு இது எதுவும் வேண்டாம். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸைத்தான் மோட்டார் வைத்து மாற்றுகிறது, உள்ளே கன்வெர்ட்டரும் இல்லை, சுற்றி ஆற வேண்டிய ஆயிலும் இல்லை. அவர்கள் காப்பாற்ற வேண்டியது கிளட்சை. கியர் படிகளே இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் தங்கள் மாடலுக்கு என்றே வந்த கூலரைத் தவிர வேறு எதையும் மாட்ட வேண்டாம், அதன் ஆயில் அழுத்தமும் சூட்டுக் கணக்கும் வேறு.

இன்னொன்று. என்றைக்காவது மலையில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டால், கயிறு கட்டிக் கீழே இழுத்து வரச் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரம் சுற்றினால் உள்ளே ஆயில் போகாமலேயே கியர்கள் சுற்றும், கொஞ்சம் பழுதான பெட்டி முழுப் பழுதாகிவிடும். காத்திருந்தாலும் பரவாயில்லை, நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற லாரியையே வரச் சொல்லுங்கள்.